மாமியின் தண்ணீர்ச் சிக்கனம்

புத்தளத்து அகதி முகாமை விட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பலாம் என்று வாப்பா சொன்னபோது, அவருடைய தங்கை, எங்கள் மாமி, அண்ணனிடம் ஒரேயொரு கேள்விதான் கேட்டார். “அங்க கக்கூஸ் இருக்கா காக்கா?”

வாப்பா விழுந்து விழுந்து சிரித்தார். “ஊரே காடாக் கிடக்கு. நீ ஒரு கக்கூஸத் தேடுறாய்!” நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

அரிப்புக் கிராமத்துக்குப் போகிற வழியில், எங்கள் பழைய காணியில் முள் நிறைந்த உடைமரங்கள்தான் குடியிருந்தன. அவற்றை வெட்டி ஒரு தறப்பாள் கொட்டில் போட்டோம். முன்னால் புதுப் பாதை போடும் ஆட்கள், பின்னால் ஆமிக்காரரின் ஒரு காவலரண். வாப்பாவுக்கு ஊர்க்காற்றுப் பட்டதும் இருபது வயது குறைந்துவிட்டது. மாமிக்கோ பகல் முழுவதும் ஒதுங்க ஒரு மறைவு இல்லை. சுபஹுத் தொழுகைக்கு முன் இருட்டோடு இருட்டாகப் போய்வர வேண்டும். அதற்குத் துணை நான். பேய்க்குப் பயந்த எனக்கு ஆறு வயது. துணைக்கு நல்ல ஆள்தான்.

“அங்கால பாத்துக்கொண்டு நில்லு. திரும்பினியோ, காதைத் திருகுவன்” என்பார். நான் டோர்ச்சைப் பிடித்தபடி எனக்குத் தெரிந்த சூறாவெல்லாம் ஓதுவேன். பற்றைக்குள் ஏதாவது சரசரத்தால் மாமி எழும்பி ஓடிவந்துவிடுவார். போன காரியம் பெரும்பாலும் நடக்காது. மாமிக்கு ஜின் என்றால் பயம் என்று நான் உம்மாவிடம் கோள் சொன்னேன்.

பவுசரில் வரும் தண்ணீரை அளந்துதான் பாவித்தோம். மாமி சோற்றுக்குப் பிறகு ஒரு மிடறு குடிப்பார், அவ்வளவுதான். வாப்பாவுக்கு அதில் பெரும் பெருமை. “மாமியப் பாத்துப் பழகுங்கோ. தண்ணின்ர அருமை தெரிஞ்ச பிள்ளை” என்பார். நானும் போட்டிக்குக் குடிக்காமல் இருந்து, உம்மாவிடம் குட்டு வாங்கினேன்.

மாமிக்கு வயிறு கல்லாகிவிட்டது. உம்மா பப்பாப்பழம் வெட்டிக் கொடுத்தார், பிறகு ஆமணக்கெண்ணெய் கொடுத்தார். கடைசியில் மன்னார்ப் பாமசியில் சின்னப் பேதிக் குளிசைகள் வாங்கினார்கள். ஒருநாள், ரெண்டுநாள் போடுங்கோ, நிறையத் தண்ணி குடியுங்கோ, அப்பவும் சரிவராட்டி டொக்டரிட்டக் காட்டுங்கோ என்றுதான் பாமசிக்காரர் சொல்லிக் கொடுத்தாராம். மாமி அதில் வேறொரு வசதியைக் கண்டார். இரவில் குளிசையைப் போட்டால் விடியுமுன் எல்லாம் முடிந்துவிடும், பகலில் பயமில்லை. அதனால் தினமும் போட்டார். ஒன்று கேட்காமல் போக இரண்டு போட்டார். மன்னாருக்குப் போகிறவர்களிடம் சொல்லித் தானே வாங்குவித்தார். தண்ணீரை மட்டும் கூட்டவில்லை.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்த நாட்கள் அவை. மாமியின் கன்னம் ஒட்டிப்போனது. கெண்டைக்கால் இழுக்கிறது என்று என்னைப் பிடித்துவிடச் சொல்வார். நான் பிடித்துவிடுவதற்குக் கூலியாக டொஃபி கேட்பேன். ஒரு காலை உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். பாதை போடுகிறவர்களின் லொறியில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டொக்டர் குளிசை அட்டையைப் பார்த்துவிட்டு வாப்பாவைக் கூப்பிட்டார். “இது கூடாத மருந்தில்ல. ஆனா இப்பிடி நாளாந்தம் போட்டா உடம்பில இருக்கிற நீரும் உப்பும் எல்லாம் போயிடும். பிறகு இதயத்தையே தாக்கும். ஏன் இவ தண்ணி குடிக்கேல்ல?”

“தண்ணியைச் சிக்கனமாப் பாவிக்கிற பிள்ளை டொக்டர்” என்றார் வாப்பா. அப்போதும் அந்தக் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வாப்பாவைச் சுவரோரம் அழைத்துப்போய்ச் சொன்னார். “குடிச்சா வெளிய போகோணுமெண்டுதான் அவ குடிக்கேல்ல. எங்க போறது, சொல்லுங்கோ?”

மாமி திரும்பி வரவில்லை. உடைமரங்களுக்கு அப்பால், பள்ளிவாசல் மையவாடியில் அடக்கினோம். நாங்கள் ஊர் திரும்பியபின் அங்கே விழுந்த முதல் கபுறு அது.

வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த சீமெந்தை எடுத்து, வாப்பா முதலில் ஒரு கக்கூஸ் கட்டினார். நாங்கள் இன்னும் தறப்பாளின் கீழ் கிடக்க, அதற்கு மட்டும் நான்கு சுவர், கூரை, பலகைக் கதவு, உள்ளே கொண்டி. வேலை முடிந்த அன்று ஒரு வாளி நிறையத் தண்ணீர் கொண்டுபோய் உள்ளே வைத்தார். கதவைச் சாத்தித் திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தார். பிறகு அந்த வாசலிலேயே குந்தியிருந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

சீமெந்து முடிந்துபோன கவலை என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்தில் போய் முதுகைத் தடவி, “அழாதீங்கோ வாப்பா, வீட்டுக்கு வேற சீமெந்து வாங்கலாம்” என்றேன்.

அவர் இன்னும் பலமாக அழுதார்.