காதில் செருகிய பீடி

போன செவ்வாய்க்கிழமை காலையில் மாரியப்பன் வீட்டுக்கு வந்தார். பாகலூர்க்காரர். ஓசூரில் நான் புரொடக்‌ஷன் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆன கம்பெனியில் இன்னமும் லேத் ஆபரேட்டர். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார்.

மெமோ. அடிக்கடி காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு எடுக்கிறாராம். குடிப்பழக்கம் உண்டு என்பதற்குப் பழைய பதிவு இருக்கிறதாம். வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போய்விடும்.

"அந்தப் பழைய பதிவு நீங்க எழுதுனதுங்க சார்" என்றார். "நான் குடிக்கறவனே இல்ல. எங்க ஊட்டுல இன்னிக்கும் சொல்லிக் காட்டறா... அவ்ளோ படிச்ச மனுசன் பொய்யா எழுதுவாரான்னு."

எழுதினேன். பொய்யாகத்தான் எழுதினேன்.

அங்கே டெஃப்லான் உருளைகளைக் கடைந்து வால்வுக்கு வளையம் செய்வோம். உங்கள் வீட்டு நான்-ஸ்டிக் தவாவில் பூசியிருக்கிறதே, அதே சரக்கு. சாதாரணமாக ரொம்பச் சாது. தொட்டால் ஒன்றும் செய்யாது. அளவுக்கு மீறிச் சூடானால்தான் விஷப்புகை விடும். எங்கள் லேத்தில் அவ்வளவு சூடு கிடையாது. அப்புறம் காய்ச்சல் எங்கிருந்து வந்தது?

காதிலிருந்து!

ஷிஃப்டுக்கு வரும்போதே ஒரு பீடியைக் காதில் செருகிக்கொண்டு வருவது எங்கள் ஆட்களின் வழக்கம். உள்ளே ஒருவரும் பற்றவைக்க மாட்டார்கள் — 'புகை பிடிக்காதீர்' போர்டுக்கு அத்தனை மரியாதை. ஆனால் கடைசல் தூள் மாவு மாதிரி பறக்குமே, அது பீடியில் படியும். விரலில் ஒட்டும். டீ பிரேக்கில் கேட்டுக்கு வெளியே போய், கையைக் கழுவாமல் அதே பீடியைப் பற்றவைப்பார்கள். லேத்தில் இல்லாத சூடு பீடி நுனியில் இருக்கிறது.

சாயங்காலம் நெஞ்சை இறுக்கும். குளிர் தூக்கிப் போடும். காய்ச்சல் கொதிக்கும். ஓரிரு நாளில் எல்லாம் போய், ஆள் கல்லு மாதிரி வேலைக்கு வந்து நிற்பார். டாக்டர் கையில் எதுவும் சிக்காது. மேனேஜர் என்ன நினைப்பார்? நடிக்கிறான் என்றுதானே?

நான் அப்படிக்கூட நினைக்கவில்லை. எனக்குத் தெரியும். சரக்கோடு வந்த எச்சரிக்கைத் தாள் என் டிராயரில் இருந்தது, இங்கிலீஷில். புகையிலைச் சாமான்களை வேலை இடத்துக்குள்ளேயே கொண்டுவரக் கூடாது, வெளியே போகுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்று தெளிவாக இருந்தது. கெமிஸ்ட்ரியில் முதுகலை படித்தவன் நான். புரியாமல் போகுமா?

செய்யவேண்டியது என்ன? கேட்டில் பீடி வைக்க ஒரு பெட்டி. டீ பிரேக்கில் ஐந்து நிமிஷம் கூடுதல். அந்த ஐந்து நிமிஷத்துக்கு எனக்கு மனசு வரவில்லை. மாரியப்பன் மூன்றாம் தடவை காய்ச்சல் என்று வந்தபோது அவர் சர்வீஸ் கார்டில் 'குடிப்பழக்கம்' என்று எழுதினேன். தாள் டிராயரிலேயே கிடந்தது.

ரிட்டையர் ஆனபோது மற்றக் காகிதங்களோடு வீட்டுக்கு வந்திருந்த அந்தத் தாளை இப்போது தேடி எடுத்து, மாரியப்பனுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். விஷயம் தெரிந்து பழைய சகா ஒருவர் போன் செய்தார். "பேரன் பேத்தி எடுத்தாச்சு, இனிமே எதுக்குய்யா வம்பு? உன் பேருதான் கெடும்."

கெடட்டும்! இத்தனை வருஷம் கெடாமல் இருந்ததுதான் அநியாயம்.

வெள்ளிக்கிழமை போனேன். ஹெச்.ஆர். அதிகாரி மரியாதையாகத்தான் தடுத்தார். "ரிட்டையர் ஆனவங்க என்கொயரிக்கு வரக் கூடாது சார்."

"என் கையெழுத்து வந்திருக்கே தம்பி? அதோட நானும் வந்திருக்கேன்."

தாளை மேஜைமேல் வைத்தேன். படித்தார். முகம் மாறியது. "இது வெளிய போனா கஸ்டமர் ஆடிட்ல கேப்பாங்களே சார்..."

"கேக்கட்டும். நெஞ்சு வலிச்சவங்க கேக்காததை அவங்களாவது கேக்கட்டும்."

ஃபைலில் அந்த கார்டு திறந்தே இருந்தது. என் பேனாவை எடுத்து, பழைய வரிக்குக் கீழே எழுதினேன்: 'மேலே உள்ளது பொய். எழுதியவன் நானே.' கையெழுத்தும் போட்டேன்.

"சார்! அஃபிஷியல் ரெக்கார்டுல நீங்க எழுதக் கூடாது!"

"போன தடவை எழுதினப்போ யாரும் தடுக்கலையே?"

மெமோவை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ரத்து செய்யவில்லை. செய்யும்வரை தினமும் காலையில் அந்த கேட்டில் போய் நிற்கப்போகிறேன். எனக்கு வேறென்ன வேலை?

வெளியே டீக்கடையில் மாரியப்பனின் கை பழக்கத்தில் காதுக்குப் போனது. காது காலி. "வண்டிப் பொட்டியில வெச்சுட்டேனுங்க" என்று போய் எடுத்து வந்தார். பற்றவைக்குமுன் என்னைப் பார்த்தார். "பீடி கெடுதல், உட்டுடுன்னு சொல்லப் போறீங்களா சார்?"

உங்களுக்கு அறிவுரை சொல்கிற யோக்கியதை எனக்குப் போய் ரொம்ப நாளாச்சு, மாரியப்பன் — கைக்குச் சோப்புப் போட்டீங்களா என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.