வெல்லம் தின்ற தொட்டி

எங்கள் வீட்டில் ஒப்பட்டுப் போளிக்கு வைத்திருந்த வெல்லத்தை ஊர்ச் சாக்கடை தின்றுவிட்டது என்று சொன்னால் இன்றைக்கும் நண்பர்கள் நம்புவதில்லை. சத்தியமாகத் தின்றது. கரைத்து ஊற்றியது மாமா. பக்கத்தில் நின்று கலக்கிவிட்டது நான்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அப்போது ஆனேக்கல்லில் எங்களோடு இருந்தார். ஊர்க் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையத்தில் ஆபரேட்டர். அம்மா மட்டும் யார் கேட்டாலும் "தண்ணி டிபார்ட்மென்ட்" என்பாள்.

எனக்கு அந்த இடம் சர்க்கஸ் மாதிரி. பெரிய தொட்டியில் பழுப்புத் தண்ணீர் கொதிப்பதுபோல் குமிழ் விடும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பது அவைதான் என்பார் மாமா. தினமும் ஒரு கண்ணாடி ஜாடியில் அதை மொண்டு வைப்பார். அரை மணி நேரத்தில் பழுப்பு அடியில் படிந்து மேலே தெளிந்தால் பூச்சிகள் நலம். கடிகாரம் பார்ப்பது என் உத்தியோகம்.

அந்தக் கோடையில் போர்வெல்கள் வற்றின. குளிக்கவே தண்ணீர் இல்லையென்றால் சாக்கடையில் என்ன ஓடும்? பூச்சிகளுக்குப் பட்டினி. ஜாடி கலங்கியே நின்றது. மாமா வெல்லமும் சாணியும் கரைத்து ஊற்ற ஆரம்பித்தார். நிலையத்து வெல்லம் தீர்ந்ததும், ஒரு சனிக்கிழமை எங்கள் வீட்டு டப்பா தொட்டிக்குப் போனது.

மறுநாள் நீலசந்திராவிலிருந்து மாமாவுக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அம்மாவும் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது, மாமாவின் வேலை தெரிந்த பிறகு. ஒப்பட்டுக்குப் பருப்பு வெந்துவிட்டது. டப்பா காலி.

அம்மா கூடத்தை எட்டிப் பார்த்து, "டேய், வெல்லம் எங்கடா?" என்று மாமாவிடம் கிசுகிசுத்தாள். மாமா விழித்தார். விடை தெரிந்த கேள்விக்கு என்னால் சும்மா இருக்க முடியாது.

"சாக்கடைத் தொட்டில போட்டுட்டோம்மா! பூச்சிங்க பாவம், பசி!"

கூடத்தில் டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணி டிபார்ட்மென்ட்டுன்னீங்களேம்மா?" என்றார் பெண்ணின் அப்பா.

"தண்ணிதாங்க…" அம்மா திணறினாள். "கொஞ்சம் பழைய தண்ணி."

அவர் சிரிக்கவில்லை. எழுந்து செருப்பை மாட்டினார். இதுவும் போயிற்று என்று அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எங்க இருக்குது? காட்டுங்க தம்பி."

அவரும் மாமாவும் நானும் நடந்தோம். மாமா ஜாடியில் மொண்டு வைத்தார். பெரியவர் அதைப் பார்க்கவே இல்லை. தொட்டிச் சுவரில் இருந்த இரும்பு ஏணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள எறங்கணுமா தம்பி?"

"இல்லீங்க. மேல நின்னே பாத்துக்கலாம்."

"அடைச்சுக்கிட்டா?"

"மெஷின் வரும். யாரையும் எறக்க மாட்டேங்க."

"நீங்க?"

"நானும் எறங்க மாட்டேன்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "எறங்க வேணாமில்ல?"

"வேணாங்க."

"அரை மணி ஆச்சு!" என்று கத்தினேன். ஜாடியின் மேல்பாதி தெளிந்திருந்தது. பெரியவர் என் தலையில் கை வைத்தார். "வா, வெல்லம் வாங்கிட்டுப் போலாம். உங்கம்மா பருப்பு வேக வெச்சுட்டு நிக்கிறாங்க."

மாமாவின் கல்யாணத்துக்குப் பிறகு அத்தையின் பிறந்த வீட்டில், மாலை போட்ட ஒரு வாலிபர் படத்தைப் பார்த்தேன். அத்தையின் அண்ணன். அடைப்பெடுக்க மேன்ஹோலுக்குள் இறங்கியவர் உயிரோடு ஏறி வரவில்லை. அதையும் பல வருஷம் கழித்துத்தான் அத்தை சொன்னார். அன்றைக்குத் தொட்டிக்கரையில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பெரியவர் சலவை வேட்டி கட்டியிருந்தார் என்பதுதான். அழுக்காகிவிடுமே என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, "பயப்படாதீங்க தாத்தா, மடிச்சுக் கட்டிக்கலாம்" என்று நானும் என் பங்குக்குத் தைரியம் சொன்னேன்.