அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்ட தாலி

எங்கள் அக்கா அவர்கள் மறைந்து இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு நீதான் எழுத வேண்டும் என்று அக்காவின் கணவரான மாமா சொன்னார். நல்லதை மட்டும் எழுது என்று அவருடைய தாயார் சொன்னார். கூடப் பிறந்தவள் என்ற உரிமையில் நான் நடந்ததை எழுதுகிறேன். மனம் வருந்துகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டு, அடுத்த பக்கத்திலுள்ள படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். படத்தில் அக்கா அழகாக இருக்கிறார்.

அக்கா பிறந்தது நாட்றாம்பாளையத்தில். ஓடுகிற மாட்டு வண்டியில் உட்கார்ந்தபடியே ஊசியில் நூல் கோத்துவிடுவார். எனக்கு அசையாமல் நின்றாலும் வராது. "அது கையா, காலா?" என்று கேலி செய்வார். மத்திகிரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனார். மாமாவுக்கு அங்கே கால்நடைப் பண்ணையில் வேலை. அக்காவுக்கு மாமா என்றால் உயிர். காலையில் எழுந்ததும், மாலையில் வேலை முடிந்ததும் தாலியை எடுத்து இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, "அவரு நல்லா இருக்கணும்" என்பார். வேறெதையும் அவர் சாமியிடம் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒசூர்க் கடைத்தெருவில் கன்னடம் பேசும் பல் டாக்டர் ஒருவர் இருந்தார். மாமாவின் தாயாருக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தபோது அக்காதான் அழைத்துப்போனார். டாக்டர் பல்லைக் குடைந்து முடிக்கும்வரை அக்கா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெளிச்சம் இம்மிகூட நகரவில்லை. டாக்டர் பல்லை விட்டுவிட்டு அந்தக் கையைத்தான் பார்த்தார். அடுத்த வாரமே அக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தார்.

பல்லில் அடைக்கும் கலவையைச் செய்வது அவர் வேலை. வெள்ளித் தூளையும் பாதரசத்தையும் சின்னக் கல்வத்தில் இட்டு அரைக்க வேண்டும். அதைத் துணியில் கட்டி முறுக்கினால் மிஞ்சிய ரசம் முத்து முத்தாக வெளியே வரும். "இன்னும் ஸ்வல்ப கெட்டியா பிழிம்மா" என்பார் டாக்டர். பிறகு உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் தேய்த்துப் பதமாக்கிக் கொடுக்க வேண்டும். கடைத்தெருப் புழுதி வரக் கூடாதென்று ஜன்னல்களை எப்போதும் சாத்தி வைத்திருப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கையோடு அக்கா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அன்று எங்களில் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

நான் மத்திகிரிப் பள்ளியில் ஆசிரியையாக வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்த காலத்தில்தான் தாலி வெளுத்தது. முதலில் தாலியிலிருந்த ஒரு பொட்டின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. பத்து நாளில் பொட்டு முழுவதும் செத்த மீனின் கண் போல வெளுத்துவிட்டது. மாமாவின் தாயார் பார்த்துவிட்டார். "பொன்னு வெளுத்தா புருசனுக்கு ஆவாது. எம் மவனுக்குக் கண்டம் வந்துடுச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாமாவைப் பொத்திப் பொத்தி வைத்தோம். கிணற்றில் இறங்கக் கூடாது. லாரிகள் ஓடுவதால் ஜூஜுவாடிப் பக்கம் போகவே கூடாது. முட்டும் மாடுகளிடம் போகாதீர்கள் என்று, மாட்டுப் பண்ணையில் வேலை பார்ப்பவரிடமே சொன்னோம். அவர் பாவம், எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அக்காவோ முன்பு இரண்டு முறை கண்ணில் ஒற்றிக்கொண்டதை இருபது முறை செய்யத் தொடங்கினார். தாலி இன்னும் வெளுத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா கழுத்தில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு, தாலியை என்னிடம் மடித்துக் கொடுத்தார். நான் நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் உரசிப் பார்த்துவிட்டு, "தோசமும் இல்ல, ஒண்ணும் இல்ல கண்ணு. ரசம் ஏறியிருக்குது. நெருப்புல காட்டினா ஓடிப்போவும்" என்றார். கொல்லைக்கு எடுத்துப்போய், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று இடுக்கியால் பிடித்து வாட்டினார். பொன் நிறம் திரும்பியது. "வூட்டுக்குள்ள செய்யாதீங்க. அந்தப் பொகை ஆகாது" என்றும் சொன்னார்.

சொன்னதை அப்படியே அக்காவிடம் சொன்னேன். அக்கா கேட்டது ஒன்றுதான்: "வெளிய வெச்சுக் காட்டினா, தாலியக் கழட்டினத அத்தை பாக்க மாட்டாங்களா?"

அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் அக்கா சமையலறைக்குள் கரி அடுப்பை மூட்டித் தாலியை வாட்டுவார். நான் வெளியிலிருந்து கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கால் மணி நேரம் கழித்துத் தாலி பளபளவென்று வெளியே வரும். மாமாவின் தாயார் பார்த்து நிம்மதி அடைவார். அக்கா வாயில் இரும்பு ருசி அடிக்கிறதென்று சோற்றைத் தள்ளிவிடுவார்.

பிறகு அக்கா கூச்சப்படத் தொடங்கினார். யார் வந்தாலும் கதவிடுக்கில் ஒளிந்துகொள்வார். நூல் கோத்த கை, தண்ணீர்ச் சொம்பைப் பிடித்தால் பாதி சிந்தியது. அவர் புடவையை உதறும்போது தரையில் ரசம் வெள்ளி மணிகளாக ஓடும். துடைப்பத்தால் தள்ளினால் ஒன்று நான்காகும். விளக்கு வெளிச்சத்தில் அவை மூலையிலிருந்து எங்களைப் பார்ப்பது போல இருக்கும். ஒரு நாள் மாமா சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அக்கா என் காதோரம் வந்து கேட்டார்: "அந்த ஆளு ஏன் நம்ம வூட்டுல சோறு துன்றாரு?"

அக்கா மாமாவையே பார்த்தபடி தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அவரு நல்லா இருக்கணும்" என்றார்.

பெங்களூரில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டினோம். அவர் அக்காவைப் பெயர் எழுதச் சொன்னார். எழுத்து நடுங்கி நடுங்கிச் சிறுத்து, கடைசி எழுத்தில் வெறும் புள்ளியானது. "இவங்க என்ன வேலை செஞ்சாங்க?" என்று கேட்டார். அத்தனை நாளில் எங்களிடம் அப்படிக் கேட்ட முதல் மனிதர் அவர். கலவை வேலையையும் தாலி வாட்டியதையும் சொன்னேன். ரச விஷம் உடம்பில் ஏறியிருக்கிறது; சாத்திய அறையில் செய்த வேலை பாதி, அடுப்புப் புகை மீதி என்றார். கதவைப் பிடித்தது நான் என்று அவரிடம் சொல்லவில்லை. மாமாவிடமும் சொல்லவில்லை. மாமா, இதில் படித்துக்கொள்ளுங்கள்.

வேலையை நிறுத்தி ஒரு வருடம் அக்கா இருந்தார். கடைசிவரை மாமாதான் ஊட்டிவிட்டார். "நீங்க யாரு வூட்டுப் புள்ளைங்க? ரொம்ப நல்லவரா இருக்கீங்க" என்று அக்கா அவரிடம் கேட்பார். அக்காவை எடுத்துப்போகுமுன் மாமா தன் கையால் தாலியைக் கழற்றினார். அதில் ஒரு வெள்ளைப் புள்ளிகூட இல்லை. மாமாவின் தாயார் அதை ஜன்னலோரம் தூக்கிப் பார்த்து, "கண்டம் தீந்துடுச்சு" என்றார்.

பணம் வாங்காமல் தாலியை வாட்டிக் கொடுத்து, எச்சரித்தும் அனுப்பிய பத்தருக்கும், பெங்களூர் டாக்டருக்கும், அக்காவைச் சுமந்த மத்திகிரி அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ரசம் தொடும் வேலையில் இருக்கும் பெண்கள் இதைப் படித்தால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். கையைக் கழுவாமல் தாலியைத் தொடாதீர்கள்.

அக்கா போன பிறகும் வீட்டைப் பெருக்கும்போது அந்த மணிகள் எங்கிருந்தோ உருண்டு வருகின்றன. மாமா நலமாக இருக்கிறார். இந்த ஓராண்டில் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. அக்கா கேட்டது அதை மட்டும்தான்.