பென்னலூரில் ஒரு பச்சைப் பொத்தான்

கம்பெனிகள் நிறைந்த இந்தப் பென்னலூர்ப் பக்கத்தில் யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. "எந்தக் கம்பெனி?" என்றுதான் கேட்கிறார்கள். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போதும், வாடகைக்கு வீடு பார்க்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும்போதும் அதே கேள்வி. நாசரேத் பக்கம் எங்கள் ஊரில் முதல் கேள்வி "நீ யாரு மவ?" என்பது. அதற்குப் பதில் சொன்னால் தாத்தா காலத்துச் சண்டை வரை கேட்டவருக்கு விளங்கிவிடும். இங்கே கம்பெனி பெயர் ஒன்று போதும். நான் யார் மகள் என்று யாருக்கும் தெரியாத அந்த நிலை எனக்குப் பிடித்திருந்தது. ஊரில் இருந்து இதைப் படிப்பவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன்.

பிறகு ஒரு நாள் என் கான்ட்ராக்ட் முடிந்தது. மின்னணுப் பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களைப் பொருத்தும் லைனில் இருந்தேன். புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லி அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மளிகைக் கடையில் புதிதாக வந்த ஒரு பெண் "எந்தக் கம்பெனி?" என்று கேட்டாள். பருப்புப் பையை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

என் கணவர் ஜெபராஜ் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். ஊரில் அவருடைய அப்பா, தான் வைத்திருக்கும் பெட்டிக்கடைக்கு ஆள் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். இவர் யோசித்து யோசித்துக் கடைசியில் சொன்னார்: "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்போம் ஜெசி. ஒனக்கு இங்க ஒரு வேலை அமைஞ்சா இருப்போம். இல்லன்னா ஊருக்குப் போயிருவோம்." அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்குத் திரும்பிப் போக மனமே இல்லை. மறுபடியும் இன்னாரின் மருமகளாக மட்டும் வாழ வேண்டும் என்று நினைக்கவே பிடிக்கவில்லை.

எனக்குத் தெரிந்த இன்னொரு வேலை கேக் செய்வது. டிசம்பரில் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கேக் மாவைக் கலந்து, சட்டியோடு பேக்கரிக்குத் தூக்கிக்கொண்டு போய் அவர்கள் அடுப்பில் வேகவைத்து வாங்கி வருவார்கள். சட்டி மாறிப்போனால் வாசத்தை வைத்தே எங்கள் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். இங்கே சின்ன மின்அடுப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தேன். புதிதாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் இருப்பவர்கள் எல்லாவற்றையும் இன்டர்நெட்டில்தான் தேடுகிறார்கள் என்று இவர் பஸ்ஸில் வரும் ஒருவர் சொன்னாராம். அவரிடமே பழைய லேப்டாப் ஒன்றும் விலைக்குக் கிடைத்தது. அப்படித்தான், மவுஸைச் சரியாகப் பிடிக்கக்கூடத் தெரியாத நான் வெப்சைட் செய்ய உட்கார்ந்தேன்.

வெப்சைட் செய்யும் கருவிகளில் முதலில் திறந்ததை, பெரிய ஆட்களெல்லாம் பயன்படுத்துவது என்று சொன்னார்கள். அது எடுத்த எடுப்பிலேயே உன் சர்வர் எங்கே, டேட்டாபேஸ் எங்கே என்று கேட்டது. வாடகைக்கு அறை தேடி வந்தவளிடம் செங்கல் எங்கே, மணல் எங்கே என்று கேட்பது போலிருந்தது. மூடிவிட்டேன். இரண்டாவது கருவி அழகோ அழகு, படங்களெல்லாம் மெல்ல நகர்ந்தன. என் டேட்டா கார்டு அதற்கு ஈடுகொடுக்கவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மதியக் கரண்ட் கட்டில் பேட்டரியும் தீர்ந்துவிடும். மூன்றாவது சாதாரணமானது. கட்டத்தைத் தொட்டால் எழுதலாம், படத்தை இழுத்துப் போடலாம், அவ்வளவுதான். இலவசம் என்பதால் என் முகவரியின் வாலில் அந்தக் கம்பெனியின் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். குடியிருக்கிற வீட்டு வாசலில் ஓனர் பெயர் இருக்கத்தானே செய்யும் என்று அதையே எடுத்துக்கொண்டேன். இப்போதும் புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: அழகைப் பார்க்காதீர்கள், உங்கள் நெட்டில் எது திறக்கிறது, யாரையும் கேட்காமல் எதை நீங்களே மாற்ற முடிகிறது என்று பாருங்கள்.

அந்த மதியங்களை நினைத்தால் இன்றும் தூக்கத்தில் நடந்தது போலத்தான் இருக்கிறது. மின்விசிறி நின்ற அறையில், தூரத்து லாரிச் சத்தம் கேட்டபடி, வெளிச்சமான ஒரு திரைக்குள் இருந்தேன். அந்தக் கருவி மாதிரிக்கு வைத்திருந்த படத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி வெள்ளை வெளேரென்ற சமையலறையில் நின்றாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பனி. பல நாள் அந்தப் படத்தை எடுக்கவே எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய மேசையில் என் முட்டைகளை உடைத்தேன், அவள் ஜன்னலில் என் துணியைக் காயப்போட்டேன். எந்த ஓனரும் வந்து தண்ணீரை ஏன் இவ்வளவு செலவழிக்கிறாய் என்று கேட்காத வீடு. ஒரு நாள் மனதைத் தேற்றிக்கொண்டு அவளை அனுப்பிவிட்டு, எவர்சில்வர் தட்டில் வைத்த என் பிளம் கேக்கை அங்கே போட்டேன்.

எல்லாம் முடிந்தது. மேலே வலது மூலையில் பப்ளிஷ் என்று எழுதிய பச்சைப் பொத்தான் இருந்தது. நான் அதைத் தொடவில்லை. லைனில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். நாம் செய்த பொருளுக்கு நாமே ஓகே போடக் கூடாது. பலகையை முடித்து ரேக்கில் வைக்க வேண்டும். குவாலிட்டிக்காரர் வந்து பார்த்துப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டினால்தான் அது வெளியே போகும். பயிற்சியின் முதல் நாளே எங்கள் தலையில் ஏற்றிய பாடம் அது. அந்தப் பச்சை என் கைக்கு உரியதல்ல என்று கொஞ்சமும் சந்தேகமில்லாமல் நம்பினேன். வெப்சைட் கம்பெனிக்காரர்கள் பார்த்து அனுப்புவார்கள் என்று காத்திருந்தேன். தெரிந்தவர்களிடமெல்லாம் முகவரியை எழுதிக் கொடுத்தேன். நவம்பர் போனது, டிசம்பரும் பிறந்தது. ஒரு போன்கூட வரவில்லை. இவர் ஊருக்கு லாரி வாடகை விசாரிக்கத் தொடங்கினார். என் கேக் யாருக்கும் வேண்டாம் போலிருக்கிறது என்று குளியலறையில் நின்று அழுதேன்.

எங்கள் வீட்டு ஓனர் பிலோமினா அக்கா இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்தவர். வாடகை வாங்க வந்தவர் வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா, உன் வெப்சைட்டு உன் வூட்டுக்குள்ள மட்டும்தான் தெரியுமா? என் நாத்தனா பொண்ணு தேடிக்கினே கீறா, ஒண்ணும் வரல."

"செக்கிங்ல இருக்குக்கா. அவங்க பாத்து ஓகே பண்ணணும்லா."

"எவங்க?"

"கம்பெனிக்காரங்கதான்."

உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "பச்சையா கீதே, அத்த அமுக்குனா இன்னா ஆவும்?"

"அத நாம அமுக்கக் கூடாதுக்கா. செஞ்ச ஆளே பாஸ் பண்ணக் கூடாது."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இங்க கம்பெனி ஏதும்மா? நீதான் கம்பெனி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அமுக்கினேன். சத்தமில்லை, மணி அடிக்கவில்லை. சின்னதாக ஒரு வரி வந்தது, என் பக்கம் இப்போது எல்லோருக்கும் தெரியும் என்று.

இரண்டு நாள் கழித்து முதல் போன் வந்தது. அடுக்குமாடியிலிருந்து இல்லை, தெற்கே எங்கள் ஊர்ப் பக்கம் திசையன்விளையிலிருந்து. ஒரு அம்மா பேசினார்கள். மகள் தேடிப் பார்த்து நம்பர் எடுத்துக் கொடுத்தாளாம். "எம் மவன் அங்கதாம்மா ரூம் எடுத்து இருக்கான். பொறந்தநாளுக்கு லீவு தரலயாம். ஒரு கேக்கு குடுத்துருதியா? அவன் சாப்புடுத போட்டோவ நெட்டுல நீ வச்சிருக்க பக்கத்துல போட்டா நாங்க பாத்துக்கிடுவோம்." போட்டேன். வாயெல்லாம் கிரீமுடன் அந்தப் பையன், பின்னால் கொடியில் நீல யூனிஃபார்ம் சட்டை. அதைப் பார்த்து அடுத்த ஊரிலிருந்து இன்னொரு அம்மா கூப்பிட்டார்கள். அந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் மின்அடுப்பு ஆறவே இல்லை. அடுக்குமாடிக்காரர்களை நினைத்துக் கட்டிய கடைக்குத் தென்பக்கத்துத் தாய்மார்கள் வந்து நின்றார்கள்.

ஒரு சாயங்காலம் மாமனார் போனில் கூப்பிட்டார். நான் கேக்குக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். இவர் சாதாரணமாகச் சொன்னார்: "இல்லப்பா, இப்போதைக்கு வரல. ஜெசிக்குக் கம்பெனில வேலை ஜாஸ்தி."

இது நடந்து சில வருடமாகிறது. என் பக்கத்தின் அடியில் 'நாங்கள் இருக்கும் இடம்' என்று ஒரு வரைபடம் உண்டு. முதலில் பென்னலூரில் எங்கள் தெருவரை தெரியும்படி வைத்திருந்தேன். ஊரில் பேரப்பிள்ளையின் போனில் அதைப் பார்த்துவிட்டு எங்கள் அம்மா கேட்டாள்: "இதுல நம்ம ஊரு எங்க இருக்கு?" அந்த வரைபடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினேன். தெரு போனது, ஏரி போனது, நெடுஞ்சாலைகள் நூலாகி மறைந்தன. கடைசியில் மேலே பென்னலூரும் கீழே கடலோரம் எங்கள் ஊர்ப் பக்கமும் ஒரே கட்டத்துக்குள் வந்தன. அப்படியே விட்டுவிட்டு, பச்சைப் பொத்தானை நானே அமுக்கினேன். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து சேர முடியாது. போன் செய்து கேட்கிறார்கள், வழி சொல்கிறேன்.