ஆள் என்று எழுதிய பன்னிரண்டு ஆண்டுகள்

நாட்குறிப்பு எழுதத் தொடங்கியது 1958இல். கணவர் இறந்து, பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளிக்குக் கிழக்கே இருந்த அண்ணன் வீட்டுக்கு நான் திரும்பி வந்த ஆண்டு அது. ஆண்டுக்கு ஒரு நீள நோட்டு. மழை பெய்த நாள், வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாள், மாடு கன்று போட்டது, வந்து போன விருந்தாளிகள், படித்து முடித்த புத்தகம். ஒரு நாளுக்கு நாலு வரிக்கு மேல் எழுதியதில்லை; ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை. ஊரில் தேதித் தகராறு வந்தால் என்னிடம் வருவார்கள். "அம்மிணிகிட்டக் கேட்டாத் தெரிஞ்சு போகும்" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது.

இப்போது எழுதும் இதில் யார் பெயரும் வராது. யாரைப் பற்றி எழுதுகிறேனோ அவரிடம் அனுமதி கேட்டேன். "நடந்ததை எழுதுங்க. எம் பேரை ஊரே படிக்க வேண்டாமுங்க" என்றார். ஆகவே அவரை ‘அவர்’ என்றே எழுதுகிறேன். எங்கள் களத்து மேட்டில் ஒரு சாளையில், அதாவது ஓலைக் குடிசையில், குடியிருந்த பெண். எங்கள் சாதி நிலம் வைத்திருந்த சாதி. அவருடைய சாதி அந்த நிலத்தில் வேலை செய்த சாதி. என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். அப்போதெல்லாம் நான் அவரை ‘நீ’ என்றும், அவர் என்னை ‘நீங்க’ என்றும்தான் பேசிக்கொண்டோம்.

புத்தகங்கள் பஞ்சாயத்து வாசகசாலையிலிருந்து வந்தன. பள்ளியில் மலையாளம் படித்திருந்ததால் இரண்டு மொழியிலும் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1972 முழுவதும் பெண்களின் உரிமையைப் பற்றிய கட்டுரைகளாகத் தேடிப் படித்திருக்கிறேன் என்று அந்த ஆண்டு நோட்டு சொல்கிறது. படித்த ஒவ்வொன்றும் என் கதையாகவே இருந்தது. நிலவரி ரசீதில் என் பெயர் இல்லை. வீட்டுப் பத்திரங்களில் இல்லை. ரேஷன் கார்டில் அண்ணனின் சகோதரி என்று இருந்தேன்.

1973 ஆடியில் அமெரிக்காவில் கறுப்பு மக்கள் அடிமைகளாக வாழ்ந்த காலத்தைப் பற்றி மலையாளத்தில் ஒரு புத்தகம் படித்தேன். பருத்திப் பண்ணைகளில் வைத்திருந்த பதிவேடுகளைப் பற்றி அதில் ஒரு பகுதி இருந்தது. ஆணும் பெண்ணும் குழந்தையும் கோவேறு கழுதைகளோடு ஒரே பட்டியலில் இருந்தார்கள். பிறந்த நாள் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பக்கத்தில் அழுதேன். அவர்கள் பக்கம் நிற்பது எனக்குச் சுலபமாக இருந்தது. நடுவில் அவ்வளவு பெரிய கடல் கிடந்தது. என்னையும் அவர்களில் ஒருத்தியாகவே நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அடுத்த வாரம் அவர் பின்கட்டுக்கு வந்தார். குடிகிடப்புக்காரர்களுக்கு, அதாவது அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்பவர்களுக்கு, பத்து சென்ட் நிலம் சொந்தமாகும் என்ற சட்டம் வந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. அவரும் மனு கொடுத்திருந்தார். அண்ணன் எதிர்மனு கொடுத்திருந்தார். அது குடியிருப்பே இல்லை, அறுவடைக் காலத்தில் காவலுக்குப் போட்ட சாளை, போட்டு இரண்டு ஆண்டுதான் ஆகிறது என்பது அண்ணனின் வாதம். மனு தோற்றால் சாளையைப் பிரித்துக்கொண்டு மகளோடு வெளியேற வேண்டியதுதான். அவருக்கு வேறு இடம் இல்லை.

"அம்மிணி, நான் சாளைக்குக் குடி வந்த நாளு உங்க நோட்டுல இருக்குதுங்களா?"

"இருக்காமப் போகுமா? இரு, பாக்கறேன்."

1961ஆம் ஆண்டு நோட்டில், ஆவணி மாதத்தில் கிடைத்தது. உரக்கப் படித்தேன். "களத்து மேட்டில் ஆளுக்குச் சாளை வேய்ந்தார்கள். குடி வந்தாயிற்று. மாலையில் தூறல். செவலை கிடாரிக் கன்று போட்டது." கன்றுக்கு வைத்த பெயரும் அடுத்த வரியில் இருந்தது.

அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தார். "எம் பேரு எங்கீங்க இருக்குது? வெரல் வெச்சுக் காட்டுங்க."

"பேரு இல்ல. ஆளுன்னு இருக்குது."

"ஆளுன்னா?"

"நீதான்."

"அது உங்களுக்குத் தெரியுமுங்க. அதிகாரிக்கு?"

அவர் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "கன்னுக்குட்டி பேரு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"இருக்குது."

அவர் சிரித்தார். கோபமாகச் சிரித்ததாகத் தெரியவில்லை. "அந்தக் கன்னுக்குப் பேரு வெச்சதே நானுங்க. குடி வந்த அன்னைக்கே பொறந்துதுன்னு உங்க அண்ணி என்னையக் கூப்புட்டு வெக்கச் சொன்னாங்க."

அவர் போன பிறகு 1961இலிருந்து எழுதிய பன்னிரண்டு நோட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மூன்று நாள் ஆயிற்று. 1964இல்: "களத்து ஆளுக்குப் பெண் குழந்தை. விளக்கெண்ணெய் கொடுத்து விட்டேன்." 1968இல்: "ஆள் ஒருவன் பாம்பு தீண்டி இறந்தான். வேலை நின்றது." இறந்தவர் அவருடைய கணவர். நின்றது எங்கள் வேலை. பசுக்களுக்குப் பெயர் இருந்தது. அண்ணன் வாங்கிய பம்புசெட்டுக்குக் கம்பெனிப் பெயர் இருந்தது. விருந்தாளிகளுக்கு இனிஷியல்கூட இருந்தது. தினமும் காலையில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட என் வாய்க்கு அது தெரியும். என் கை ஒரு தடவைகூட எழுதவில்லை.

அப்போதுதான் அந்தப் புத்தகத்தில் என் இடம் எது என்பது தெரிந்தது. பருத்தி எடுக்கும் வரிசையில் நான் இல்லை. பண்ணைக்காரரின் வீட்டுக்குள், சொத்தில் பங்கில்லாமல், அழகான கையெழுத்தில் பதிவேடு எழுதும் பெண் ஒருத்தி இருந்திருப்பாள் அல்லவா, அவள்தான் நான். எனக்கு நடந்த அநியாயம் பொய்யில்லை. நான் செய்ததும் பொய்யில்லை. இரண்டையும் ஒரே ஆள் சுமக்க முடியும் என்பதை எந்தக் கட்டுரையும் எனக்குச் சொல்லவில்லை, அல்லது சொன்ன இடத்தை நான் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

1961 நோட்டில், ‘களத்து மேட்டில்’ என்பதற்கும் ‘ஆளுக்கு’ என்பதற்கும் நடுவே ஒரு சொல் எழுத இடம் இருந்தது. அதே நீல மையைத்தான் அப்போதும் வாங்கிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரைச் செருகினால் யாருக்கும் தெரியாது. பேனாவைத் திறந்துவிட்டு மூடினேன். பெயரைச் செருகினால் அவருக்கு நிலம் கிடைக்கலாம். ஆனால் நான் எப்போதுமே ஒழுங்காக எழுதியவள் என்றும் ஆகிவிடும். அந்த நல்ல பெயர் எனக்கு வேண்டாம். நோட்டு இருந்தபடியே இருக்கட்டும், பெயரை வாயால் போய்ச் சொல்கிறேன் என்று முடிவு செய்தேன்.

அண்ணனிடம் மறைக்கவில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சாட்சிக்குப் போகப் போறனுங்க."

"ஆருக்கு?"

சொன்னேன். அண்ணன் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். "உன்ற நோட்டை நானும் பாத்தேன். வக்கீலுக்கும் சொல்லியிருக்கறேன். அதுல பேரே இல்லையே. அப்பறம் என்ன சாட்சி?"

"பேரு இல்லாதது என் தப்புங்க. சாளை எப்பப் போட்டதுன்னு உங்களுக்கும் தெரியும்."

"இன்னைக்குப் பத்து சென்ட்டு. நாளைக்குக் கெணறு. அதுக்கு அடுத்த நாள் இந்த ஊடு. புஸ்தகம் படிச்சுப் படிச்சு உனக்குச் சோறு எங்கிருந்து வருதுங்கறதே மறந்து போச்சு."

"மறக்கலீங்க. களத்து மேட்டுல இருந்துதான் வருது."

அதற்குப் பிறகு எட்டு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. அண்ணி வழக்கம்போல் சாப்பிடக் கூப்பிட்டார். ஒரு நாள் இலையில் கூடுதலாக ஒரு கரண்டி நெய் விட்டுவிட்டு, "கன்னுக்குப் பேரு வெக்கச் சொன்னது நான்தான்னு அங்க வேணும்னாச் சொல்லிக்க" என்று மெதுவாகச் சொன்னார்.

1974 மாசியில் விசாரணை. பாலக்காட்டுக்குக் காலை பஸ்ஸில் நானும் அவரும் போனோம். என் பக்கத்தில் இடம் இருந்தது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உக்காருங்க" என்றேன்.

அவர் திரும்பிப் பின்னால் பார்த்தார். "ஆரைங்க சொல்றீங்க?"

"உங்களைத்தான்."

"பழைய மாதரயே கூப்புடுங்க அம்மிணி. நீங்க மருவாதை குடுத்தா ஏதோ கெட்ட சேதி சொல்லப் போறீங்கன்னு தோணுது."

"பழகிக்குங்க. எனக்கும் வாய் வர மாட்டேங்குது."

உட்கார்ந்தார். ஓரமாக, பாதி இருக்கையில். பாதி வழி தாண்டிய பிறகு முழுவதும் சாய்ந்துகொண்டார்.

நில ட்ரிப்யூனல் ஒரு நீளமான அறை. அதிகாரி மலையாளத்தில் கேட்டார், நானும் மலையாளத்திலேயே பதில் சொன்னேன். அண்ணனின் வக்கீல் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ‘ஆள்’ என்றால் யாராக வேண்டுமானாலும் இருக்கலாமே என்றார்.

"இருக்கலாம். இந்த வரியில் எழுதியிருப்பது இவரை" என்று அவர் பெயரைச் சொன்னேன். அவர் கணவர் பெயரையும், இறந்த நாளையும், மகள் பிறந்த நாளையும் சொன்னேன். கன்றுக்குப் பெயர் வைத்தது யார், வைக்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன்.

"இவ்வளவு நினைவிருக்கிற நீங்கள் பெயரை ஏன் எழுதவில்லை?" என்றார் வக்கீல்.

"எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. அவர் எங்கள் சாதியாக இருந்தால் தோன்றியிருக்கும்."

வக்கீல் நோட்டைக் கீழே வைத்தார். அதிகாரி என்னைப் பார்த்து, "சொந்த அண்ணனுக்கு எதிராகத்தான் பேசுகிறீர்கள் என்று தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். குமாஸ்தா குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். எழுதிய சொல் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. இனிஷியலோடு அவருடைய பெயர்.

அடுத்து அவரைக் கூப்பிட்டார்கள். சாளையின் வாசல் எந்தத் திசை, அடுப்பு எந்த மூலை, மழைக்கு எந்தப் பக்கம் ஒழுகும் என்று கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் சொன்னார். கடைசியில், "ரெண்டு வருசத்து சாளையில அடுப்புப் பக்கத்துச் செவுரு அந்தளவுக்குக் கரி புடிக்காதுங்க. ஆளனுப்பிப் பாருங்க" என்றார். ஆள் அனுப்பிப் பார்த்தார்கள்.

உத்தரவு அவருக்குச் சாதகமாகப் புரட்டாசியில் வந்தது. அளக்க வந்தது 1975 தையில், ஒரு புதன்கிழமை. சர்வேயரும் சங்கிலிக்காரரும் வந்தார்கள். அண்ணன் குடை பிடித்துக்கொண்டு வேலியோரம் நின்றார். நானும் போய் நின்றேன். மூன்று கல் நட்டாயிற்று. நாலாவதுக்குக் குழி தோண்டியபோது சாளையிலிருந்து அவர் வந்து நடுவில் நின்றுகொண்டார்.

"இது உள்ள வருதுங்க."

"கணக்கு சரியாணு" என்றார் சர்வேயர் மலையாளத்தில்.

"சங்கிலியத் தொய்ய உட்டுட்டு அளந்தீங்க. இழுத்துப் புடிச்சு அளங்க."

சர்வேயர் அண்ணனைப் பார்த்தார். அவர் இத்தனை காலமும் பார்த்துப் பழகிய திசை அது. அண்ணன் குடையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். "அளந்து போட்டுட்டுப் போங்க. வெயில் ஏறுது" என்றார்.

சங்கிலியை இழுத்துப் பிடித்து அளந்தார்கள். கல் ஒரு முழம் வெளியே தள்ளிப் போயிற்று. பழைய குழியை அவரே மூடினார். புதுக் குழியில் கல்லை நிறுத்தியதும் சங்கிலிக்காரரை விலகச் சொல்லிவிட்டு, மண்ணைத் தள்ளி, ஈரம் தெளித்து, நாலு பக்கமும் குதிகாலால் மிதித்தார். சர்வேயர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்து, கிளம்பி, வரப்பைத் தாண்டிப் போன பிறகும் மிதித்துக்கொண்டிருந்தார்.