பால்தொட்டியில் பதினொரு கெளுத்தி

எத்தனை முறை கழுவினாலும் அந்தத் தொட்டியில் புளித்த ரப்பர் பால் வாடை போகவில்லை. மழைத்தண்ணீர் நிறைத்து வைத்த பிறகும் போகவில்லை. ஜப்பான்காரன் வந்ததும் பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்தில் பால்வெட்டு நின்றுபோனது. பால் உறைய வைக்கும் "ஸ்டோரு" காலியாகக் கிடந்தது. அங்கிருந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றில்தான் அம்மா கெளுத்திக் குஞ்சுகளை விட்டு வளர்த்தாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவைச் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கொண்டுபோய்விட்டார்கள். மரவள்ளிக்கிழங்கு தவிர வேறு சாப்பாடு இல்லை. தம்பிக்குக் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. மருந்து கிடையாது, மீன் கொடுத்தால் பிழைப்பான் என்றார் தோட்டத்து ஆஸ்பத்திரி "டிரஸ்ஸர்". பக்கத்து வீட்டு மாணிக்கம் அண்ணன் வயல் வாய்க்காலில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை விரித்து நாற்பது குஞ்சு பிடித்துக் கொடுத்தார். எல்லாம் ஒரே அளவு, என் சுண்டுவிரல் நீளம். கரையானும் மண்புழுவும் போட்டோம்.

அம்மா இரண்டு நாளைக்கு ஒருமுறை கூடையால் அரித்து எண்ணுவாள். நாற்பது முப்பத்திரண்டானது, பிறகு இருபத்தைந்தானது. செத்து மிதந்தது ஒன்றும் இல்லை, ஒரு முள்கூடக் கிடைக்கவில்லை. நாலைந்து மீன் மட்டும் என் கையளவுக்கு வளர்ந்துவிட்டன. மற்றவை, கரையான் போட்டாலும் வெளியே வராமல், மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அதை நாங்கள் பார்க்கத்தான் செய்தோம். ஆனால் எங்கள் சந்தேகம் ஆள்மேலேயே இருந்தது. அந்தக் காலம் அப்படி. கிழங்கு தோண்டிய குழியை இலை போட்டு மறைப்போம். அடுத்த வீட்டில் புகை வந்தால் என்ன வேகிறது என்று மோந்து பார்ப்போம்.

ஒருநாள் மாணிக்கம் அண்ணன் வந்தார். "அக்கா, பெருசும் சின்னதும் ஒண்ணா கெடக்கக் கூடாதுலா. பெருசு சின்னத முழுங்கிப்புடும். அத அள்ளி வேற தொட்டியில போடுங்க. இல்லாட்டி குடுங்க, எங்க வீட்டுப் பீப்பாயில போட்டு வெக்கிறேன்" என்றார்.

அவர் தலை மறைந்ததும் அம்மா சொன்னாள்: "கேட்டியா புள்ள? கூடப் பொறந்ததையே மீனு திங்குதாம். பெருச இவரு வெச்சுக்குவாராம். குடுத்தவனுக்கு எடுக்கத் தெரியாதா?"

பிறகு, தொட்டிப் பக்கம் யாரைப் பார்த்தாய் என்று என்னைக் கேட்டாள்.

"மாணிக்கம் அண்ணன" என்றேன்.

பார்த்தது உண்மை. அவர் குனிந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். கை நனையவில்லை. அதை அம்மா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா போய்த் தண்டலிடம் சொல்லிவிட்டாள். எங்களை வேலை வாங்குகிற ஆள் அவர்தான். நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வாசலில் நின்று எல்லார் காதிலும் விழ "மீன் திருடன்" என்று கத்தினார். அடுத்த வாரம் சயாமுக்கு ஆள் கேட்டபோது எங்கள் லயத்திலிருந்து மாணிக்கம் அண்ணன் பெயர் போனது. அதனால்தான் என்று யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவர் மனைவி லெட்சுமி அக்கா கைப்பிள்ளையோடு லாரிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடினாள்.

அவர் போன பிறகு எண்ணினோம். பதினொன்று. பத்து நாள் கழித்து எண்ணினோம். அப்போதும் பதினொன்று.

"பாத்தியா, ஆளு போனான், திருட்டு நின்னுச்சு" என்றாள் அம்மா. எனக்கும் மனசு ஆறியது. பதினொன்றும் அதற்குள் வளர்ந்து ஏறக்குறைய ஒரே பருமன். ஒன்றை ஒன்று விழுங்க வாய் கொள்ளாமல்தான் சும்மா இருக்கின்றன என்று அப்போது தெரியவில்லை.

அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. வாய்க்காலில் இன்னும் இருபது குஞ்சு பிடித்து விட்டாள். ஐந்தாம் நாள் அரித்தால் பதினொன்றுதான் வந்தது. அம்மா கொழுத்த ஒன்றைப் பிடித்துக் கல்லில் அடித்து வயிற்றைக் கீறினாள். உள்ளே மூன்று குஞ்சு. ஒன்றுக்கு மீசைகூட இன்னும் கரையவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத" என்றாள்.

அன்று குழம்பு வைத்து லெட்சுமி அக்காவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினாள். அக்கா கிண்ணத்தை மோந்து பார்த்தாள். "உங்கம்மா எதுக்கு இப்ப திடீர்னு குடுக்குது?" என்று கேட்டுவிட்டு, முதல் வாயை எனக்கு ஊட்டினாள். நான் விழுங்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்து, அதன் பிறகுதான் அவள் சாப்பிட்டாள்.

மிச்ச மீனில் தம்பி பிழைத்தான். சயாம் போன அப்பாவும் மாணிக்கம் அண்ணனும் திரும்பவில்லை.

இப்போது அந்த இடத்தில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். லயம் இல்லை, ஸ்டோர் இல்லை, ஒரு பால்மரம் இல்லை. அம்மாவும் லெட்சுமி அக்காவும் இல்லை. அக்காவின் கைப்பிள்ளைக்குத் தலை நரைத்துவிட்டது. போன மாதம் பீடோங் பாசாரில் அவன் கீரை வாங்கிக்கொண்டு நின்றான். என் வயது ஆள் ஒருவர் அவனைக் காட்டி, "மீன் திருடன் மகன்லா அது" என்று சிரித்தார். அவனுக்கும் கேட்டது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிப்போயிருக்கும். நானும் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டேன்.

அவன் தமிழ் படிப்பான். இதையும் படிக்கட்டும். தம்பி, உங்கப்பா எடுக்கவில்லை. அவர் பெயரைச் சொன்னது நான்.