பத்தாவது பெயர்

ட்ரம்கார்ன் பள்ளியில் அட்ராக்டா டீச்சருக்கு இது நாற்பத்திரண்டாவது வருடம். கணக்கில் கறார்; எவ்வளவு மழை பெய்தாலும் குடை பிடிக்காத பிடிவாதம். இன்னொரு பழக்கமும் உண்டு. காலையில் வருகை எடுக்கும்போது ஒன்பதாவது பெயரை வாசித்ததும் ஒரு கணம் நிறுத்துவார். யாரோ பதில் சொல்வார்கள் என்று காத்திருப்பது போலிருக்கும். "டீச்சருக்கு பேட்டரி தீந்துடுச்சுடா" என்று பின்பெஞ்சில் டாரா கிசுகிசுப்பான். காதில் விழுந்தாலும் அவர் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

பள்ளியின் வரலாற்றைச் சொல்ல, ஆண்டுக்கொரு நாள் வகுப்பையே 1960க்குத் திருப்பிவிடுவார். அன்று பிள்ளைகள் ஆளுக்கொரு எரிமண் கட்டியோடு வரவேண்டும். அந்தக் காலத்துப் பிள்ளைகள் சதுப்பு நிலத்திலிருந்து அதைக் கொண்டுவந்தால்தான் வகுப்பறை அடுப்பு எரியும். பிறகு பழைய பதிவேட்டிலிருந்து பெயர்களை வாசிப்பார். ஆளுக்கொரு பெயரை எடுத்துக்கொண்டு, அழைத்ததும், அந்த ஊர் மொழியில் 'உள்ளேன்' என்று பொருள்படும் "அன்ஷோ"வைச் சொல்லி எழுந்து நிற்க வேண்டும். பள்ளிக்கு வராத பிள்ளைகளைத் தேடி அப்போதெல்லாம் போலீஸ் சார்ஜென்ட்தான் வருவார். இந்த வருடம் அந்த வேடம் டாராவுக்கு. காகிதத் தொப்பியோடு காலையிலிருந்தே அலட்டிக்கொண்டிருந்தான்.

முந்தைய வருடங்களில் வகுப்பு சிறியது. பெயர்கள் மிஞ்சும்; ஒன்று விடுபட்டால் யாரும் கவனிக்க மாட்டார்கள். இம்முறை டாரா போக, சைவ் என்ற பெண்ணுக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. சும்மா விடுகிற ஆளா அவள்? நேரே வந்து பதிவேட்டை எட்டிப் பார்த்தாள்.

"டீச்சர், பத்தாவது பேர விட்டுட்டீங்க. மாலக்கி மல்வி. செவப்பு மையில அடிச்சிருக்கு பாருங்க. அத நான் எடுத்துக்கறேன்."

"அது வேண்டாம்மா."

"ஏன் டீச்சர்?"

அட்ராக்டா டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சொல்லாமல் தப்பிக்க ஆயிரம் வழி இருந்தது. இத்தனை வருடமாக அந்த வழிகளில்தான் அவர் தப்பித்து வந்தார். இன்று மனசு கேட்கவில்லை.

"அவன் என் பெஞ்சுக்காரன்," என்றார். "அம்மா இல்ல. அப்பாவுக்கு நெஞ்சுநோய். வெயில் அடிச்சா பள்ளிக்கு வராம சதுப்புல எரிமண் கட்டி அடுக்கப் போயிடுவான். சார்ஜென்ட் ரெண்டு தடவ எச்சரிச்சுட்டார். மூணாவது தடவ வந்து கேட்டப்ப, 'காய்ச்சல், படுத்திருக்கான்'னு எங்க மாஸ்டர் பொய் சொல்லிக் காப்பாத்தப் பாத்தார். எனக்கு ஏழு வயசு. அந்தச் சனிக்கிழமதான் பாதிரியார்கிட்ட முதல் பாவமன்னிப்பு. பொய்யக் கேட்டுட்டு சும்மா இருந்தா அதுவும் பாவம்னு நெனச்சேன். எழுந்து நின்னு, 'இல்ல சார், அவன் சதுப்புல இருக்கான், நானே பாத்தேன்'னு சொன்னேன்."

சிவப்புக் கோட்டின் மேல் விரலை வைத்தபடி அவர் தொடர்ந்தார்.

"நல்ல பொண்ணுன்னு சார்ஜென்ட் தட்டிக்கொடுத்தார். கோர்ட்டுல சொல்லி அவன எங்கயோ ஒரு சிறுவர் விடுதில போட்டுட்டாங்க. ரெண்டாவது குளிர்காலத்துல செத்துட்டான்னு சேதி வந்துச்சு. தெனமும் பேர் கூப்பிடறப்ப இந்த ரூம்லதான் நிக்கறான். என் காதுல மூச்சு கேக்குது. பதில் மட்டும் சொல்ல மாட்டேங்கறான். உங்களுக்கெல்லாம் இந்தப் பள்ளிக்கூடத்துக் கதைய சொல்றேன்னு சொல்லிட்டு, நான் செஞ்சத மட்டும் மறைச்சுட்டேன்."

சைவ் பதிவேட்டில் அதற்கு மேல்வரியைத் தொட்டாள். "அப்ப நீங்களே வச்சுக்கிட்ட உங்க பேர எனக்குக் குடுங்க டீச்சர்," என்றாள்.

அவர் தலையசைத்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். ஒன்பதாவதாகத் தன் பெயர் வந்தது. "அட்ராக்டா கில்ஹூலி."

"அன்ஷோ," என்று சைவ் எழுந்தாள்.

"மாலக்கி மல்வி." அந்தப் பெயரை அவர் வாயால் சொல்லி ஐம்பத்தேழு வருடம் ஆகியிருந்தது.  யாரும் பதில் சொல்லவில்லை.

டாராவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மனப்பாடம் செய்திருந்த ஒரே வசனத்தைச் சொல்லிவைத்தான். "மாலக்கி மல்வி எங்க?"

சைவ் அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அவனுக்குக் காய்ச்சல் சார். நானே பாத்தேன்."

டாரா அவளைப் பார்த்தான்; டீச்சரைப் பார்த்தான். தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "சரி. உடம்ப நல்லா பாத்துக்கச் சொல்லு," என்றபடி கதவைத் திறந்து வெளியே போய்விட்டான்.

அட்ராக்டா டீச்சர் பிள்ளைகள் முன்னாலேயே வாய்விட்டு அழுதார்.